ஜப்பான் பாட்டுக்கு நேர்ந்த மொட்டை

"ஜப்பான்ல எவனோ பாடிப் பரிசு வாங்குனதுக்கு, திண்டுக்கல்ல நான் எதுக்குத்தா மொட்டை போடணும்?"

கொடைரோடு பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு குடும்பம். கேட்டவர் அப்பா. கல்லூரி வயது மகள் சன்னலோரம், நடுவில் அம்மா. நேர்ந்துகொள்ள என் தலையில் எதுவும் மிச்சமில்லை என்பதால், கையிலிருந்த தடித்த நாவலை மூடிவிட்டு நிம்மதியாக ஒட்டுக்கேட்டேன்.

"எவனோ இல்லப்பா. வருசா வருசம் டிசம்பர் கடைசியில அங்க நடக்குற பெரிய பாட்டு விருது. எனக்குப் பிடிச்ச பாட்டுக்காரருக்குக் கெடைக்கணும்னு ஒங்க முடிய அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன்."

"நேந்தவ ஒன் முடியக் குடுக்க வேண்டியதுதான?"

"ஒங்களுக்கு வேல கெடைக்கணும்னு என் முடியத்தான நேந்தீங்க? நான் கைப்பிள்ள. என்னயக் கேட்டீங்களா?"

அப்பா மனைவி பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம என் தங்கச்சி வீட்டுக் கல்யாணம். மொட்டத் தலையோட நின்னு, ஜப்பான் கதையவா சொல்லுவேன்?"

"ஏங்க, நேந்தது நேந்ததுதான். அந்தோணியார் ஜப்பான்காரன், நம்மாளுன்னா பாக்குறாரு? பேசாமப் போட்டுட்டு வாங்க. முளைக்காமயா போயிரும்?"

மகளுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அடுத்த விருதுக்கு ஒரு பாட்டுக்காரிக்கு நேந்திருக்கேன். பயப்படாதீங்கப்பா, அதுக்கு அம்மா முடி."

அம்மாவின் கை கொண்டைக்குப் போனது. அதைப் பிடித்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ள அம்புட்டு நல்லாவா பாடும்?"