கறுப்பு வெள்ளை லேப்டாப்

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் கிளம்பி தி.நகர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் அலுவலகம் போகும் தோழிகள் இருவர். ஒருத்தி லேப்டாப் வாங்கப் போகிறாள்.

“யாருன்னே தெரியாதவர் பேச்சை நம்பியா கலர் ஸ்க்ரீன் வேண்டாங்கற?”

“கலர்ல லினக்ஸ் ஓடுமான்னு யாருமே சொல்லலடி. இந்தக் குட்டி கறுப்பு வெள்ளை லேப்டாப்ல ஓடறதுன்னு பிரேசில்காரர் ஒருத்தர் இன்டர்நெட்ல எழுதியிருக்கார். லினக்ஸ்ங்கற சாஃப்ட்வேரே அப்படித்தான். முகம் தெரியாதவா சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் சும்மாவே குடுக்கறா.”

“சரி.”

“இன்டர்நெட்டுக்கு மோடம் அதோட சேருமான்னு அவருக்கு மெயில் போட்டேன். அஞ்சு பக்கம் பதில். இந்தா, ப்ரின்ட் எடுத்திருக்கேன்.”

மற்றவள் தாள்களை வாங்கிப் புரட்டினாள். பேருந்து லஸ் தாண்டும்வரை படித்தாள்.

“இவ்வளவும் உனக்காகவா?”

“என்னாலயே நம்ப முடியல. ரெண்டு நாள் தாமதமாயிடுத்துன்னு மன்னிப்பு வேற கேட்டிருக்கார். பொண்ணுக்கு ஜுரமாம்.”

“இப்ப தேவலையாமா?”

லேப்டாப்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கேக்கலையா நீ?”

“பேட்டரியைப் பத்தித்தான் அடுத்தாப்ல கேட்டேன்.”

தோழி தாள்களை நான்காக மடிக்காமல், ஓரம் கசங்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“ஆபீஸ் போனதும் முதல்ல அதைக் கேளு. லேப்டாப் எங்கயும் போயிடாது.”