டோக்கன் அக்கா போட்ட வரிசை

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், நாளை அம்மாவின் இரங்கல் கூட்டம் முடியும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடமும் வேண்டாம்.

மேடையில் இருக்கும் பெரியோரே, என் அம்மாவோடு வேலை பார்த்தவர்களே, வணக்கம். மேடையில் பேசுவது எனக்குப் புதிது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அம்மாவை டோக்கன் அக்கா என்பீர்கள். ஏன்? எத்தனையோ கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகளின் குறுஞ்செய்திகளை அனுப்புவது உங்கள் அலுவலகம். முன்பு எல்லோருக்கும் ஒரே வரிசைதான். ஒரு நாள் ஒரு துணிக்கடை, தள்ளுபடி என்று ஒன்பது லட்சம் செய்தியைக் கொட்டியது. சிறுநீரக மருத்துவமனை அனுப்பிய பன்னிரண்டு செய்திகள் அதன் பின்னால் நின்றன. 'டயாலிசிஸ் மெஷின் பழுது, வேறு மருத்துவமனைக்குப் போங்கள்' என்ற செய்தி ஆறு மணி நேரம் கழித்துப் போனது! அந்த ஆறு மணி நேரம் நோயாளிகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? யார் கேட்டார்கள்? அம்மா கேட்டார்.

ஆளுக்கொரு வரிசை வைத்தார். டோக்கன் கொடுத்துக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செய்தி, பிறகு அடுத்த வரிசை. மேலாளர் கோபித்தார்.

"பெரிய கஸ்டமர்ம்மா. நம்ம அடுப்பே அவங்களாலதான் எரியுது."

"எரியட்டும் சார். அதுக்காக அடுத்த வீட்டு விளக்கை ஊதி அணைக்கணுமா?"

துணிக்கடை சும்மா இருந்ததா? நாற்பது பெயரில் நாற்பது கணக்குத் தொடங்கி ஒரே சுற்றில் நாற்பது செய்தி அனுப்பப் பார்த்தது. அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டார். "நாப்பது சட்டை மாத்தினாலும் ஆள் ஒண்ணுதானே!" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு போய் ஒன்பது நாள் ஆகிறது.

நேற்று மேலாளர் எங்கள் கூடத்தில் அப்பாவிடம் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "கூட்டம் முடிஞ்சதும் அந்த வரிசை விதியை எடுத்துடுறோம். சாயங்காலம் துணிக்கடை தள்ளுபடி ஆரம்பம். நீங்களும் இங்கதான் வேலை பாக்குறீங்க, ஞாபகம் இருக்கட்டும்." அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். நான் படிக்க வேண்டியதை மேலாளரே எழுதித் தந்திருக்கிறார். அதில் வரிசை பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்பாவின் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. நான் இந்தத் தாளைத்தான் படிப்பேன். இது சத்தியம். கணினிக்கு முன்னால் உட்காரும் உங்களைக் கேட்கிறேன், அந்த விதியில் கை வைக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னால் அப்பாவை மட்டும் எப்படி

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"முழிச்சுட்டுத்தான் இருக்கியாம்மா? சார் போன்ல இருக்காரு. நாளைக்குப் பேசப்போறதை இப்பவே படிச்சுக் காட்டணுமாம். கதவைத் திற."

இதை எங்கே ஒளிக்க