நாற்பத்து நான்கா, எண்பத்தெட்டா

கிளேபாங்கில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வரிசை. எனக்கு முன்னால் ஒரு தம்பதி. மனைவி இன்னும் ஃபேக்டரிச் சீருடையில் இருந்தார். கணவர் கையில் கைக்கடிகாரப் படம் போட்ட பளபளப்பான தாள்.

"ரெண்டுமே லிமிட்டட் எடிஷன். ஒவ்வொண்ணும் உலகத்துக்கே நூறுதான், பின்னாடி நம்பர் அடிச்சிருக்கும். கறுப்பு நாப்பத்து நாலு, நீலம் எண்பத்தெட்டு."

"அதனால?"

"நாலுன்னா சீனவங்களுக்குச் சாவு. அதான் கறுப்புக்குக் கடிகாரக் கடை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, தள்ளுபடி தர்றாரு. எட்டு அவங்களுக்கு ராசி, நீலத்துக்கு ஒரு காசு கொறைக்க மாட்டேங்கறாரு. ஆனா நமக்கு எட்டு சனிலா."

"நாலும் நாலும் எட்டுதான்."

அவர் அதைக் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. தாளில் கறுப்புக் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது குரோனோகிராஃப்லா. நொடியைப் பத்தாப் பிரிச்சுக் காட்டும்."

"நீங்க எந்திரிக்கிறதே பத்து மணிக்கு. நொடியைப் பிரிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"வெளையாடாத. சனி புடிச்சா யாரு பாக்குறது?"

மனைவி மீ பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"கறுப்பையே வாங்குங்க, என் ஓவர்டைம் அதுக்குத்தான் தாங்கும். சனி புதுசாவா வரப்போகுது? பத்து வருசமா நம்ம வீட்டுக் கட்டில்லதான் படுத்திருக்கு."