மாலை போட்டுப் பரீட்சை எழுதிய அபிநயா

மைனா, உன் பேரில் கேசு கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நான் வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிச் சொல்ல ஆரம்பித்ததும் ஏட்டம்மா எழுதுவதை நிறுத்தி, "முதல்ல உங்க பேரு, வயசு, ஊரு சொல்லுங்கம்மா, மைனாவ அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்கள். ஆகவே முறைப்படி சொல்கிறேன்.

என் பெயர் கொளஞ்சியம்மாள், வயது நாற்பத்தெட்டு, கணவர் பெயர் தர்மராஜ், பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை மேற்குத் தெருவில் குடியிருந்து வருகிறேன். நாலாவது வரை படித்திருக்கிறேன். காட்டு வேலைக்குப் போகிறேன். என் கணவர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறார். மைனா என்பது எங்கள் ஒரே மகள் அபிநயா. வாய் ஓயாது என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். அவள் அரியலூர் ரோட்டில் உள்ள ஒரு காலேஜில் சாப்ட்வேர் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்து வந்த நிலையில் சென்ற ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

அதன் பிறகு, காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், அவள் போனுக்குத் தினமும் ஒரு மெசேஜ் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு லாவண்யாவும் அதே வகுப்பு என்பதால் அவளிடம் காட்டினேன். காலேஜ் பாடம், பரீட்சை, வருகை எல்லாம் ஒரு வெப்சைட்டில்தான் நடக்கிறது, அதிலிருந்து வருகிறது என்றாள். "என்னதான்டி எழுதியிருக்கு" என்று கேட்டேன். "அபிநயா, உங்களக் காணோமே, பாடமெல்லாம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் வாங்கன்னு இருக்கு பெரியம்மா. அது தானா அனுப்பிக்குது, மனுசங்க யாரும் இல்ல" என்றாள். அவள் இறந்ததற்கு வகுப்பில் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்களாம். வெப்சைட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. காலேஜிலிருந்து துக்கம் கேட்க ஒருவரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, அது ஒன்றுதான் விடாமல் விசாரித்தது.

அதன் பிறகு லாவண்யா அதற்குள்ளே போய் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஊருக்கு பஸ் எப்போது வரும் என்று போனில் காட்டுகிற மாதிரி ஏதோ செய்து, அதைப் பற்றி அபிநயா எங்கள் வீட்டுச் சுவர் ஓரமாக நின்று பேசி, மார்க்குக்காக அனுப்பியது அது. எல்லாம் இங்கிலீஷ், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அவள் திரும்பி, "எம்மா, அந்தக் குக்கர நிறுத்தேன், ரெக்கார்டிங் போவுதுல்ல" என்கிறாள். "பருப்பு வேவ வேணாமாடி" என்று என் சத்தமும் கேட்கிறது. அதன் பிறகு மறுபடி இங்கிலீஷ். அந்தப் பருப்பு இடம் வரைக்கும் ஓட விட்டுத் தினமும் பார்த்தேன். அவள் பேச்சு எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

இந்த இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டு, அதை வேறு போனில் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. அவள் அங்கே இருக்கிறாள், போனால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன்.

அதன் பிறகு லாவண்யா ஒரு நாள் வந்து, பாடம் பார்க்காதவர்கள் கணக்கை வெப்சைட் பூட்டிவிடும், அபிநயாவுக்கும் எச்சரிக்கை வந்திருக்கிறது என்றாள். பூட்டினால் வீடியோவும் போய்விடும் என்றாள். ஆகவே மறுநாளிலிருந்து நானே பாடத்துக்கு உட்கார்ந்தேன். காட்டில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கும் இடத்தில் போனைக் குவியல் மேல் சாய்த்து வைத்துவிடுவேன். சாப்ட்வேர் செய்வது வீடு கட்டுகிற மாதிரி, முதலில் வேண்டியதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு சார் தமிழும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டே இருப்பார். நடுநடுவே, இருக்கிறாயா என்று ஒரு பெட்டி கேட்கும், விரலால் அமுக்காவிட்டால் சார் பேச்சை நிறுத்திவிடுவார். கூட வேலை செய்யும் ஆண்டாயி, "ஏ கொளஞ்சி, இது எந்த டிவி சீரியலு, ஒரு பொம்பளையும் வர மாட்டேங்குறா" என்றாள். சாப்ட்வேர் என்ஜினியரிங் என்றேன். "இந்த ஆளு வந்ததுலேர்ந்து வூடு கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க கேட்டுக்கங்கன்னே சொல்றாரு, எப்பத்தான் கட்டுவாரு" என்று அவளும் ஈடுபாட்டோடு பார்க்கத் தொடங்கினாள். அவள் கழிவறைக்குப் போகும்போது சாரை நிறுத்தி வைக்கச் சொல்வாள்.

அதன் பிறகு வாராவாரம் சின்னப் பரீட்சை வந்தது. ஒரு கேள்விக்கு நாலு பதில், ஒன்றை அமுக்க வேண்டும். எனக்குத் தெரியாத காரியம் எதையும் நான் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான் செய்வது வழக்கம். என் கல்யாணமும் அப்படி முடிவானதுதான். எனவே இலையில் நாலு பூப்பொட்டலம் மடித்துச் சன்னதியில் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பூசாரியை ஒன்று எடுக்கச் சொன்னேன். பூசாரி, "ஆத்தாளுக்குக் கம்ப்யூட்டரு பழக்கமில்ல தாயி, மாடு கன்னுன்னு கேளு" என்று சலித்துக்கொண்டார். ஆத்தாளும் நானுமாகப் பத்துக்கு இரண்டு வாங்கினோம். ஆனால் வந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது, பூட்டவில்லை.

அதன் பிறகு பெரிய பரீட்சை வந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் முகம் கேமராவில் தெரிய வேண்டும், வராவிட்டால் கணக்கு பூட்டப்படும் என்று லாவண்யா சொன்னாள். அவளுக்கும் அதே நேரம் பரீட்சை என்பதால் துணைக்கு வரவில்லை. நான் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அபிநயா போட்டோவை இறக்கி, ஸ்டூலில் வைத்து, போனை எதிரே நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை என்பதால் காலையில்தான் மாலை போட்டிருந்தேன். பச்சை விளக்கு எரிந்து ஏற்றுக்கொண்டது. நான் பின்னால் குந்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் போனிலிருந்து ஒரு சார், "அபிநயா, கண்ணச் சிமிட்டவே இல்லியேம்மா" என்றார். நான் போட்டோவை லேசாக ஆட்டினேன். "எதுக்கும்மா ஆடுற, நேரா உக்காரு" என்றார். நிறுத்தினேன். "ஊதுபத்திய அணைம்மா, மூஞ்சி தெரியல" என்றார். கையை மட்டும் நீட்டி அணைத்தேன். "கழுத்துல என்ன மாலை, இன்னிக்குக் கல்யாணமா? கழட்டி வச்சுட்டு எழுதும்மா" என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று மாலையை எடுத்தேன். போட்டோவின் அடியில் தோற்றம், மறைவு என்று தேதியோடு எழுதியிருப்பதை மாலைதான் மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு நினைவில்லை. சார் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

அந்த சார் கோகுலகிருஷ்ணன் என்பவர். பரீட்சையைக் கண்காணிப்பவர், அபிநயாவுக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. அதன் பிறகு கணக்கைப் பூட்டி, அபிநயா பேரில் ஆள்மாறாட்டம் நடந்தது என்று காலேஜ் சார்பில் புகார் கொடுத்தார்கள். இன்று அவரும் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார், மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். நான் விவரம் சொன்னதும், "எதுக்காகச் செஞ்சீங்கன்னு எங்களுக்குத் தெரியாதும்மா, புகார வாபஸ் வாங்கிக்கிறோம்" என்று தலையைக் குனிந்துகொண்டார். புகார் இருந்தாலும் பரவாயில்லை, பூட்டைத் திறந்தால் போதும் என்றேன்.

அதன் பிறகு அவர் தன் லேப்டாப்பில் முயன்று பார்த்தார். பூட்டியது காலேஜாக இருந்தாலும் திறப்பது காலேஜ் கையில் இல்லையாம். அபிநயா முதலில் சேர்ந்தபோது வெப்சைட் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு, அவள் பதில் போட்டு வைத்திருக்கிறாள். அதே பதிலைச் சொன்னால் திறக்கும். உனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் யார் என்பது கேள்வி. நான் சந்தேகப்படாமல் என் பெயரைப் போடச் சொன்னேன். தவறு என்று வந்தது. அதன் பிறகு என்னோடு வந்திருந்த அவள் அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு தன் பெயரைச் சொன்னார். அதுவும் தவறு. அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அதன் பிறகு லாவண்யா பெயரும் தவறு. இன்னும் ஒரு தரம்தான் சொல்லலாம், அதுவும் பிசகினால் கணக்கு அழிந்துவிடும் என்று சார் சொன்னார். ஏட்டம்மா ஒரு நடிகர் பெயரைச் சொன்னார்கள். பாரா போலீஸ்காரர், கிரிக்கெட்காரர் யாராவது இருக்கும் என்றார். சப்-இன்ஸ்பெக்டர், "காலேஜ்ல பையன் எவனாச்சும்" என்று ஆரம்பித்து, வெளியே நின்றவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யார் பெயரையும் போட நான் சம்மதிக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ஏட்டம்மா எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, நடந்தது இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு என் கையால் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கொளஞ்சியம்மாள்

இதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கேசுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு ஏட்டம்மா எழுதினார்கள்.

மைனா, எங்களையெல்லாம் விட உனக்குப் பிடிச்ச அந்த ஆளு யாருடி?