பீடத்தில் வைத்த மாத்திரை

இந்த வசனத்தை இங்கேயே நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? பின்னால உக்காந்திருக்கிற தம்பிமாரே, சிரிக்கத் தயாராகாதீங்க... இன்னைக்குச் சிரிப்புக் கதை இல்ல.

முன்னால நான் ஊழியம் பார்த்த சபையில எப்சிபான்னு ஒரு அம்மா. பாடகர் குழுவுல முதல் குரல் அவங்கதான். ஒரு வருசம் அந்தக் குரல் அடங்கிப் போச்சு. தூக்கமில்ல, சாப்பாடில்ல. சுவரைப் பாத்தே உக்காந்திருப்பாங்க. வீட்டுக்காரர் பாக்கியநாதன் பாளையங்கோட்டையில மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு.

டாக்டர் பேப்பர்ல படம் போட்டே காட்டினாராம். "மூளையில ஒரு செல்லு பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்ல, செரட்டோனின்னு ஒண்ணை வெளிய விடும். சேதி போனதும், விட்ட செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைக் குறைக்கும்; செரட்டோனின் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கும். குணம் தெரிய சில வாரம் ஆகும். குணமாயிட்டுன்னு நீங்களா நிறுத்திராதீங்க."

ரெண்டு மாசத்துல எப்சிபா மறுபடி பாடினாங்க. அந்தப் பாட்டு... இன்னும் என் காதுல இருக்கு.

அந்த வருசம் அசனப் பண்டிகை. ஊரே கோயில்ல கூடி, ஆக்கி, ஒரே பந்தியில சாப்பிடுற நாள். அதுக்கு முன்னால சாட்சி நேரம். எப்சிபா எழுந்து, ஆண்டவர் சுகம் தந்தாருன்னு சொன்னாங்க. மைக் யார் கையில? என் கையில. வாய் சும்மா இருக்குமா? "சுகம் வந்துட்டுல்லா... அப்புறம் மாத்திரை எதுக்கு? பீடத்துல வச்சிருங்க"ன்னேன்.

அந்த அம்மா கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க: "ஐயா... டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மைக்குலயே சொன்னேன். "டாக்டர் பெரியவரா, ஆண்டவர் பெரியவரா?"

வச்சிட்டாங்க. பையில இருந்து எடுத்து, அட்டையோட வச்சிட்டாங்க. சபை முழுக்கக் கைதட்டு.

கொஞ்ச நாள்ல குரல் போச்சு. அப்புறம் தூக்கம் போச்சு. நான் வீட்டுக்குப் போய் ஜெபிச்சேன், மறுபடியும் போய் ஜெபிச்சேன். மாத்திரையைப் பத்தி அவங்களும் பேசல, வீட்டுக்காரரும் பேசல. நான் பேச விட்டாத்தானே? மூணாம் மாசம் ஒரு காலையில... எப்சிபா தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாங்க. அடக்க ஆராதனை நடத்தினது நான்தான். பாட்டை எடுத்துக் குடுக்க ஆளில்ல.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம இறங்கினா நான் பொய்யன்.

அன்னைக்கு அந்த அசனப் பந்தியில, இலைக்கு முன்னால உக்காந்து, சட்டைப் பையில இருந்து என் சுகர் மாத்திரையை எடுத்துப் போட்டேன். தண்ணி கொண்டாந்து குடுத்தது யாரு? எப்சிபா.

என் மாத்திரை மருந்து... அவங்க மாத்திரை மட்டும் அவிசுவாசமா? உடம்புக்கு வந்தா நோவு, மூளைக்கு வந்தா விசுவாசக் குறைவா? மூளையும் அவர் படைச்ச சதைதானய்யா!

நாளைக்கு நம்ம அசனம். மனசுக்கு மருந்து சாப்பிடுறவங்க இங்கேயும் இருப்பீங்க. யாருன்னு நான் கேக்கல. மாத்திரையோட வாங்க. என் பக்கத்துல உக்காருங்க.

இந்தத் தடவை நான் தண்ணி கொண்டாந்து தாரேன்.