பாட்டு முடிய முன் எழும்பிப் போகிறவர்

"போன கிழமைப் பாட்டு நிகழ்ச்சியில முன்னால இருந்த மனிசன்ர சால்வையை இழுத்துக் கழட்டிப்போட்டன்" என்று முன் இருக்கை அம்மா சொன்னதில்தான் என் தூக்கம் கலைந்தது. நாயாற்றிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் மத்தியான பஸ். பாதிப்பேர் நித்திரை. கடலோரக் களப்புத் தண்ணீர் வெள்ளையாக மினுங்கிக்கொண்டு எங்களோடு கூடவே வந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்த, கொஞ்சம் வயது குறைந்த பெண் சிரித்தார். "அம்பாப் பாட்டுக் கேட்டா உங்களுக்குக் கை சும்மா இராது, அக்கா."

"கரைவலை இழுக்கிற பாட்டெல்லோ. கையில அம்பிடுறதை இழுப்பன். நீ மட்டும் திறமோ, ரஜனி? எங்க நாட்டார் பாட்டு நடந்தாலும் முதல் ஆளா வந்திருப்பாய். கடைசிப் பாட்டு முடிய முதல் எழும்பிப் போயிடுவாய்."

"அது எனக்கொரு விசர்."

"ஏனடி?"

ரஜனி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "மகள் கலியாணம் முடிச்சு வவுனியாவுக்குப் போனாப்பிறகு வீட்டில ஒரு சத்தமும் இல்லை, அக்கா. முடிய முதல் வெளிக்கிட்டா, பாட்டு காதுக்குள்ள பாடிக்கொண்டே வீடுவரைக்கும் வரும்."

அக்கா கைபேசியில் ஓர் அம்பாப் பாட்டைப் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

"இண்டைக்கு முழுக்கக் கேள். பிறகு எங்கட வீட்டை வா, சாப்பிடுவம்."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இறங்கும் இடம் வந்தது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். ரஜனி எழும்பவில்லை; கொண்டக்டரிடம் சொன்னார்:

"பாட்டு முடியட்டும், தம்பி. அடுத்ததில இறங்குறம்."