டிக்கியில் போன அடுப்பு

எனக்கு மோப்பம் கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டு ரசத்தில் பெருங்காயம் கம்மியானால் என் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் நல்லவர். மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார், வேர்க்கடலை வியாபாரம். அதைவிட முக்கியமாக, மீசை வைத்திருக்கிறார். ஊரில் எந்தச் சங்கம் முளைத்தாலும் அதற்குத் தலைவர் இல்லாத குறை வராமல் பார்த்துக்கொள்வார். பெட்ரோல் விலை ஏறியதும் எரிபொருள் சிக்கன மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார். கூட்டம் நடப்பது நாலு தெரு தள்ளி. அம்பாசடரில் போய் வந்தார்.

சமையல் கேஸுக்கு நாங்கள் எழுதிப் போட்டது பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். வந்தது, அவன் பத்தாவது ஃபெயிலான வருஷம். அதுவரை விறகுதான். எந்த விறகின் புகை எந்தக் கண்ணைப் பிடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். சிலிண்டர் வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்தேன். கொண்டுவந்த பையன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். "நாத்தம் வந்துச்சுன்னா குச்சி கிழிக்காதீங்கம்மா. ஜன்னலத் தொறந்து வுட்டுடுங்க." வீட்டுக்காரர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. அதனால் பெட்ரோல் வாசனை தெரியும், மண்ணெண்ணெய் வாசனை தெரியும், கேஸ் வாசனை மட்டும் தெரியாது.

போன மாசக் கூட்டத்தில் முருகையன் என்கிற உரக்கடைக்காரர் எழுந்து, தலைவர் மட்டும் காரில் வருவது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி என்று கேட்டாராம். மறுநாளே மெக்கானிக் சாந்த் பாஷா வீட்டுக்கு வந்தார். வேலூரில் ஒரு காரைக் கேஸில் ஓட வைத்தவர். டிக்கியில் சிலிண்டர், அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு. எல்லாம் சரி, சிலிண்டர் எங்கே என்று கேட்டார். வீட்டுக்காரர் சமையல்கட்டைக் கையால் காட்டினார்.

"அப்ப அம்மா எதுல சமைப்பாங்க?" என்றார் பாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் மீசையை நீவிக்கொண்டார். குழாய் பக்கம் நெருப்பே காட்டக்கூடாது என்றும் பாய் சொன்னார். அதற்கு மட்டும் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது.

"நெருப்பு ஸ்தலத்துல பொறந்துட்டு நெருப்புக்கு பயந்தா எப்டி பாய்?"

அடுத்த கூட்டத்தில், நாட்டுக்காகத் தன் துணைவியார் செய்த தியாகத்தைப் பற்றி வெகுநேரம் பேசினாராம். நான் தியாகம் செய்திருந்த விஷயம் எனக்கே அப்படித்தான் தெரியவந்தது. கண் எரிச்சலோடு கேட்டுக்கொண்டேன்.

பௌர்ணமிக்கு மைக் செட் கட்டிக் காரிலேயே மலையைச் சுற்றி, அடி அண்ணாமலையில் இறங்கி ஜனங்களுக்கு உபதேசம் செய்வதாக ஏற்பாடு. கிளம்புமுன் வாசலில் பூஜை. பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றி உடைப்பது எல்லோரும் செய்வதுதான். புதிதாக ஒன்றும் நான் கண்டுபிடிக்கவில்லை.

அன்று காலையிலேயே கார்ப் பக்கம் வாசனை அடித்தது. கண்ணாடிகளை ஏற்றி விட்டேன். சீட்டுக்குப் புது உறை, செங்கம் ரோட்டுப் புழுதி படியக்கூடாது. அவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாடி நாத்தம் இது?"

"முனிசிபாலிட்டி சாக்கடைங்க."

இதைப் பற்றியும் கூட்டத்தில் பேசுகிறேன் என்றார். திருப்தியாக இருந்தார்.

பாயையும் மண்டி ஆட்களையும் காபி குடிக்க உள்ளே அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு மட்டும் டம்ளர் வைக்கவில்லை. கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காயை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் பூஜை முழுதாகத் தெரியும். வண்டியின் உயிரே பின்னால்தான் இருக்கிறது என்று டிக்கியைத் தூக்கி, அங்கே மூன்று சுற்று சுற்றப் போனார். ஒரு சுற்றே முடியவில்லை. 'புஸ்'ஸென்றது, அவ்வளவுதான். பாய் ஈரச் சாக்கோடு ஓடிவந்து சிலிண்டரை மூடினார். வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் வெந்து, புருவமும் மீசையும் கருகிப் போயின. மீசை இல்லாமல் பார்த்தபோது யாரோ வெளியூர்க்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

குழாயைப் பொருத்தியதில் பாய் மேல் தப்பில்லை, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூஜையன்று விடியலில் குழாய் நட்டைத் தளர்த்தியது நான். சிலிண்டரைச் சமையல்கட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்றுதான் போனேன். பாதியில் அவர் எழுந்து காபி கேட்டார். திரும்பி வந்து முறுக்கியிருக்கலாம். விறகு பற்றிக்கொள்ள நேரமாகிவிட்டது. ஊதி ஊதி நிமிர்ந்தபோது, முறுக்க வேண்டாம் என்று தோன்றியது. கற்பூரம் ஏற்றும்போது என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார். ஆஸ்பத்திரியில் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விறகில் காய்ச்சினால் புகை வாடை ஏறிவிடும், பாவம், அவருக்குப் பிடிக்காது. சாட்சிப் பொருள் என்று அந்த மூலையில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிலிண்டரில் இன்னும் பாதி இருக்கும். அவருக்காகத்தான் கேட்கிறேன், எப்போது தருவீர்கள்?